அவிழ்க்கச் சொல்ல வேண்டியவர்

முதலில் தப்புச் செய்தது டாக்டர் நீலமேகம்தான். இதில் சூசைமாணிக்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரு சந்தேகமும் கிடையாது. பல் விளக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்காலில் நிற்கும்போதும், பேத்திக்குச் செருப்பு மாட்டிவிடும்போதும் எவராவது திடீரென்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்: முதலில் அவன், பிறகுதான் மற்றவர்கள். வாய்விட்டுப் பேசும்போது டாக்டர் என்பார், மரியாதை குறையாது. மனசுக்குள் அவன்தான். அந்த அவன் இப்போது பத்தடி தூரத்தில், கதர் ஜிப்பா போட்டு, ஒரு சின்ன மெத்தையின் மேல் சப்பணம் கொட்டி உட்கார்ந்து, மடியிலிருந்த வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பை மரக்கட்டையால் தட்டினான். சத்தம் எழுந்து, நீண்டு, மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. "கண்ண மெதுவா மூடிக்கங்க. இருபது நிமிஷம். ஒண்ணும் செய்ய வேண்டாம். மூச்சு தானா வரும், தானா போகும். எண்ணம் வந்தா வரட்டும், திட்டாதீங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி நினைச்சுக்கங்க. பஸ் வரும், போகும். நீங்க ஏற வேண்டியதில்ல." குரலில் எண்ணெய் தடவினாற்போல ஒரு வழவழப்பு. அன்றைக்கு இந்தக் குரல் இப்படி இல்லை. அன்றைக்கு அது அவசரக் குரல், பாதி வார்த்தையை வாசலில் விட்டுவிட்டுப் போகிற குரல். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் இருந்த எல்லாரும் கண்ணை மூடினார்கள். சூசைமாணிக்கம் மூடவில்லை.

மூட முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நேற்றும் முடியவில்லை. இமையைக் கீழே இறக்கினால் அது தானாக மேலே ஏறிக்கொள்கிறது, கடை ஷட்டர் சரியாகப் பிடிக்காத மாதிரி. முப்பத்தோரு வருஷம் மனநல ஆஸ்பத்திரி வார்டில் நின்ற உடம்பு அது. வார்டில் கண்ணை மூடியவன் காது கடிபட்டுத்தான் முழித்துக்கொள்வான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், சாவிக்கொத்து இடுப்பில் இருக்க வேண்டும், தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இங்கேயும் சுவரோரமாக இருந்த நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார், அதனால்தான் எல்லாரும் கண்ணை மூடியதும் அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மனநல டாக்டர்கள் நாலு பேர், சைக்காலஜி படித்த பிள்ளைகள் ஏழு பேர், சிஸ்டர்கள், சமூக சேவகர்கள், கடைசியில் வார்டு ஆட்கள் என்று அவரும் காளியப்பனும். தன்னை விட்டு எண்ணினால் இருபத்து மூன்று. நோயாளியைத் தொடுகிற எல்லாருக்கும் மனசைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் பயிற்சி, மூன்று நாள், வராவிட்டால் விடுப்பில் கழிப்போம் என்று நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ். காளியப்பன் அதைப் படித்துவிட்டு, "தொடுறது நாம, சர்டிபிகேட்டு அவங்களுக்கு. ஆனா மத்தியானம் சிக்கன் பிரியாணியாம்ண்ணே, நான் மூச்ச மட்டுமில்ல, பேச்சையும் அடக்கிக்கிறேன்" என்றான். இப்போது காளியப்பன் பக்கத்து நாற்காலியில் வாயை லேசாகத் திறந்துகொண்டு நிஜமாகவே தூங்குகிறான். ஒருவகையில் இந்த அறையில் அவன் ஒருவன்தான் சொன்னதைச் செய்கிறான், ஒன்றும் செய்யவில்லை. எதிரே, ஜன்னலோரம், அந்தப் பிள்ளை தாரணி, வேலைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாத சைக்காலஜிப் பிள்ளை, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்க உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்ட பெண்ணொருத்தி குணமாகி வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் கிணற்றில் விழுந்துவிட்டாள். அதிலிருந்து அந்தப் பிள்ளை யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இருக்கிறது. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வார்டுப் புத்தி சொன்னது. பார்த்துக்கொண்டார்.

மூச்சு வருகிறது. போகிறது. அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நேற்றுக் காலையில் ஆளாளுக்குப் பெயரைச் சொல்லி, இந்த நிமிஷம் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னபோது, "மாணிக்கம். நல்லாருக்கேங்க" என்று சொன்னார். அவன் கையைக் குவித்து, "வாங்க ஐயா" என்றான், எல்லாருக்கும் சொன்ன மாதிரியே. இந்தக் கரூர் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் மாணிக்கம்தான். சூசை என்று கூப்பிட்டதெல்லாம் திண்டுக்கல்லில், பழைய ஆஸ்பத்திரியில். அந்தப் பேரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு மீசை கறுப்பு, தலையில் முடி, இடுப்பு முப்பது. இன்றைக்கு அவனே அவரைத் தெருவில் பார்த்தால் வழிவிட்டுப் போவான். தெரியாமல் இருப்பது நல்லதுதான் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷமே மனசு கேட்கும்: என் வாழ்க்கையைக் கெடுத்தவனுக்கு என் முகம்கூட ஞாபகமில்லையா. பஸ் வரும், போகும் என்கிறான். ஏறாமல் இருக்க முடியுமா. இன்றைக்குக் காலையில் அந்தக் கதையைச் சொன்ன பிறகு எப்படி ஏறாமல் இருப்பது.

கதையை அவன் நன்றாகவே சொன்னான். பல ஊரில், பல அறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்து பளபளப்பானது என்று கேட்டவுடனே தெரிந்தது. "நான் சின்ன டாக்டரா இருந்தப்ப ஒரு ஓவிய ஆசிரியர் எங்க வார்டுல இருந்தார். மத்தியான நேரம். ரொம்பக் கொந்தளிப்பா இருந்தார். கட்டிப் போடச் சொன்னேன். அரை மணி நேரத்துல வந்து பாக்குறேன்னு சொல்லிட்டு ஒரு சொந்த வேலையாக் கிளம்பிட்டேன். மறந்துட்டேன். நாலு மணி நேரம். நாலு மணி நேரம் அந்த மனுஷன் கட்டுல கிடந்தார். நரம்பு செத்து வலது கை போச்சு. வரையிற கை." அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். வயதான சிஸ்டர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பிறகு அவன் சொன்னான்: "அங்க ஒரு பணியாளர் இருந்தார். பாவம், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. என்மேல இருந்த பயத்துல அவிழ்க்காம இருந்தார். தப்பு என்னோடது. என் மனசு அங்க இல்ல. அன்னைக்கு நான் ஒரே ஒரு மூச்சு நின்னு கவனிச்சிருந்தா அந்தக் கை பிழைச்சிருக்கும். அதான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்." எல்லாரும் அவனைக் கும்பிடாத குறை. காளியப்பன்கூட, "பெரிய மனுஷன்ண்ணே. எத்தனை பேருக்கு இப்படி நாலு பேர் முன்னாடி ஒத்துக்க வரும்?" என்று காதில் சொன்னான். சூசைமாணிக்கத்தின் கையிலிருந்த காகித டம்ளர் அப்படியே நசுங்கிப்போய், டீ மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் போனது. சூடு தெரியவில்லை.

ஒரு பணியாளர். பேர் கிடையாது. சரி, பேர் வேண்டாம். மறந்துட்டேன் என்றான், அதுவும் சரி, மறந்தான், பெண் பார்க்கப் போகிற அவசரம், வாசலில் கார், காரில் அவன் அம்மா பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்ததை அவர்தான் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை எங்கே விட்டான்? வார்டில் யாரையும் கட்டச் சொன்னால் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், எத்தனை மணிக்கு, எதற்காக, எவ்வளவு நேரம் என்று. "எழுதிக்கிறேன், மொதல்ல கட்டுங்க சூசை" என்றான். எழுதவில்லை. விசாரணை வந்தபோது ஒரு கடிதம் எழுதினான். அதை மட்டும் சரியாக எழுதினான். சூசைமாணிக்கம் அஞ்சாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் ஆபீஸ் கிளார்க் அதை உரக்கப் படித்துக் காட்டினார். 'அவ்வாறு கட்டி வைக்கும்படி நான் எவருக்கும் எப்போதும் கூறவில்லை.' ஒரே ஒரு தடவைதான் கேட்டார், ஜெபம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது. எவருக்கும், எப்போதும். அடியில் கோடு போட்ட இடத்தில், படிக்கக் கேட்டேன், சரி என்று எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். சரி இல்லை என்று எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்று எழுதினார். சூசையின் சானாவுக்குத் தொப்பை பெரிதாகப் போய்விட்டது, கை நடுங்கியதால். மூன்று மாதம் வேலைநீக்கம். திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில் மச்சினன் ஊரறிய, "மாப்ளக்கி எல போடுறப்ப கயித்த ஒளிச்சு வைங்கப்பா" என்றான், நூறு பேர் சிரித்தார்கள், மனைவி ஞானம்மா பாதிச் சோற்றில் எழுந்தாள். திரும்பி வந்தபோது வார்டு வேலை இல்லை, கேட்டில் நிறுத்தினார்கள். ஒரு வருஷம் கேட்டைத் திறந்து மூடிவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கரூருக்கு வந்தார். இதெல்லாம் அவன் கதையில் எங்கே. ஒரு மூச்சு நின்று கவனித்திருந்தால் கை பிழைத்திருக்கும் என்கிறான், ஒரு வாய் உண்மை சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருபத்து மூன்று பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். நான்தான் கட்டச் சொன்னேன், சொல்லவில்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்தேன், இன்னார் மேல் பழி போட்டேன். மூன்று வரி. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆடியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அந்த மூன்று வரி காதில் விழ வேண்டும். நோட்டீஸில் பயிற்சி தருபவர் பெயரைக் காளியப்பன் படித்தபோது, வருகிறேன் என்று முதல் ஆளாகச் சொன்னது அதற்காகத்தான்.

எண்ணம் வந்தால் திட்டாதீர்கள். வந்தது என்று கவனியுங்கள். ஏசி காற்றில் ஜன்னல் திரை லேசாக ஆடுகிறது. தாரணிப் பிள்ளையின் தோள் இன்னும் இறங்கவில்லை. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? ஆறா, ஏழா. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் எவ்வளவு நீளம் என்று சும்மா உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான், இரண்டு மணிக்குக் கட்டினது, ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்தது, இரண்டரை ஆனது, அவன் வரவில்லை, மூன்று மணிக்கு. அந்த இடத்தில் மனசு சட்டென்று திரும்பிக்கொண்டது, வழியில் நாய் படுத்திருந்தால் சைக்கிளை ஒடித்துத் திருப்புகிற மாதிரி. நாய். மணி என்று ஒரு செவலை நாய் வார்டு வாசலில் படுத்திருக்கும். அந்த ஓவிய ஆசிரியர், அய்யாத்துரை வாத்தியார், தன் இட்லியில் பாதியை அதற்கு ஒதுக்கிவைப்பார். சிஸ்டர் திட்டினால், "அதுவும் உள்ள அடைபட்டதுதான் சிஸ்டர், வெளிய படுத்திருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க" என்பார். நோயின் வேகம் ஏறினால் வாத்தியாருக்கு வாயும் கையும் நிற்காது. மாத்திரை வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கம் அடுப்புக்கரியால் வரைவார். பெரிய டாக்டர் மூக்கு, சமையல்காரர் தொந்தி, இரண்டு கோட்டில் ஆள் எழுந்து நிற்கும். அன்றைக்குக் காலையில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து, "நம்ம வாசல் காவல்" என்றார். கழுத்தில் சாவிக்கொத்து தொங்க ஒரு நாய். முகம் மட்டும் சூசை. மீசை, இடது புருவத்துத் தழும்பு, கீழுதடு, எல்லாம். வார்டு முழுக்கச் சிரித்தது, பத்து வருஷம் வாய் திறக்காத கிழவர் ஒருவர்கூடச் சிரித்தார். ரெஜினா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. சூசையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது, அட்டைதானே, முனை கூராகத்தான் இருக்கும்.

அந்த அட்டை இன்னும் இருக்கிறது. ஞானம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியில். எத்தனையோ தரம் கிழிக்க எடுத்து, கிழிக்காமல் வைத்திருக்கிறார். வருஷம் ஆக ஆக அந்த நாயின் முகம் வேறு மாதிரி தெரிகிறது. அது கேலி செய்கிற கோடுதானா என்று இப்போது சந்தேகம். வாத்தியாருக்கு அந்த வார்டில் ரொம்பப் பிடித்த ஜீவன் எது? யாருக்குத் தன் இட்லியில் பாதி கொடுத்தார்? வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது. முதலில் தப்புச் செய்தது அவன். கட்டச் சொன்னது அவன். போர்வையைக் கிழித்த பட்டையால் கட்டிலின் இரண்டு பக்கமும் மணிக்கட்டைக் கட்டினார், ஒழுங்காகக் கட்டினார், கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம் விட்டு. அந்த ஒரு விரல் இடத்தை விடாமல் யாரையும் கட்டக் கூடாது, ரத்தம் ஓட வேண்டுமே. விட்டார். சத்தியமாக விட்டார். வாத்தியார் அரை மணி கத்தினார், பிறகு பாடினார், பிறகு அடங்கினார். "சூசையண்ணே." "என்ன வாத்தியாரே." "டாக்டர் வந்தாச்சா?" "வருவார்." "நான் அடங்கிட்டேன்ண்ணே. பாருங்க." "பாத்தேன்." "அப்ப அவுத்து விடுங்க." "கட்டச் சொன்னவர்தான் அவுக்கச் சொல்லணும் வாத்தியாரே. வார்டுச் சட்டம். எனக்கென்ன அதிகாரம்." சட்டம் உண்டு, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, எல்லா வார்டு ஆளுக்கும் தெரிந்த சட்டம். எல்லா வார்டு ஆளும், ஆள் அடங்கிவிட்டால், டாக்டர் வருகிறவரைக்கும் காத்திராமல் அவிழ்த்துவிட்டு, அப்புறம் போய்ச் சொல்லுவான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவரே எத்தனை பேரை அப்படி அவிழ்த்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் சட்டம் ஞாபகம் வந்தது. எனக்கென்ன அதிகாரம் என்று சொன்னபோது நாக்கில் ஒரு ருசி இருந்தது. கருப்பட்டியைக் கடைவாயில் ஒதுக்கிவைத்த மாதிரி. அந்த ருசியை இன்றைக்கும் வரவழைக்க முடியும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் வரும்.

பயத்தில் அவிழ்க்காமல் இருந்தார் என்கிறானே அவன். அதைக் கேட்டபோது நசுங்கினது டம்ளரா, வேறு எதாவதா? பயமா? யாருக்குப் பயம், இருபத்தெட்டு வயசுப் பையன், ஊசி போடும்போது அவன் கைதான் நடுங்கும், சூசைதான் பிடித்துக்கொள்வார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இருபத்து மூன்று பேரும் தலையாட்டினார்கள். செய்த பழியைத் திருப்பித் தராமல், செய்யாத நல்லதைத் தலையில் கட்டிவிட்டான். அரை மணி நேரம் அவனுடையது. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம். மிச்சம் மூன்றரை மணி நேரம் யாருடையது? எழுந்திருக்க வேண்டாம், பேச வேண்டாம், கை நீட்டினால் முடிச்சு. மூன்று மணிக்கு. மறுபடியும் அந்த இடம். மூச்சு வருகிறது, போகிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை வாத்தியாரைப் பார்த்தார், சம்பவம் நடந்து ஏழெட்டு வருஷம் கழித்து. டீக்கடை ஓரம், இடது கையில் கிளாஸ், வலது கை சட்டைப்பையில். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிட்டிருப்பார்கள் என்று தோன்றியது, டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்குக் கேட்டருகே அவர் சம்சாரம் குனிந்து போட்டுவிட்டதைப் பார்த்தவர்தானே. வாத்தியார் நிமிர்ந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தது, நிஜமாகவே மலர்ந்தது, "சூசையண்ணே" என்று கூப்பிட்டார். கிளாஸை வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினார். சூசைமாணிக்கம் நகர ஆரம்பித்திருந்த ஒரு பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. நத்தம் போய் இறங்கி, ஒரு மணி நேரம் நின்று, திரும்பி வந்தார். பஸ் வரும், போகும், நீங்கள் ஏற வேண்டியதில்லை. ஏறினேனே டாக்டர். இன்னும் இறங்கவில்லையே.

மூன்று மணிக்கு எழுந்து போனார். அவிழ்க்கப் போகவில்லை. வாத்தியார் கண் மூடிக் கிடந்தார், தூங்கியிருக்கலாம், வலது கை விரல்கள் மட்டும் மெத்தை விரிப்பின் மேல் அசைந்துகொண்டிருந்தன, தூக்கத்திலும் எதையோ வரைகிற மாதிரி. அதைப் பார்த்ததும் சட்டைப்பையில் அட்டை உறுத்தியது. குனிந்து, வலது பக்க முடிச்சைப் பிரித்து, இழுத்து, மறுபடி போட்டார். விரல் போகிற இடம் போயிற்று. நாலு வினாடி வேலை. விரல்கள் நின்றன. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம்தான் வாத்தியார், "அண்ணே, விரல் மரத்துப்போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் கெஞ்சி, பிறகு சாதாரணமாக, மணி கேட்கிற மாதிரி. அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டார். இது எந்த விசாரணையிலும் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபம், பொய், குடி என்று சொல்லுவார், இதன் கிட்டே வந்ததும் இருமல் வரும். அவன் ஒரு பொய்க் கடிதம் எழுதிக் கொடுத்தானே, அந்தக் கடிதத்தை அன்றைக்குக் கேட்டபோது, கை நடுங்கினது கோபத்தில் மட்டும்தானா? அப்பாடா என்று ஒன்று, எங்கோ அடியில், மூச்சு விட்டது. இனி அவன்தான் குற்றவாளி. அவன் குற்றம் பெரிசு, எழுத்தில் இருக்கிறது. நம்முடையது நாலு வினாடி.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம். தாரணி. சின்ன விசும்பல், பிறகு உடம்பை உலுக்குகிற அழுகை, கை இரண்டும் நாற்காலிப் பிடியில் அடித்துக்கொண்டன. "யாரும் தொட வேண்டாம். அழட்டும். நாம கூட இருந்தா போதும்" என்றான் அவன், அதே வழவழப்பான குரலில். யாரும் அசையவில்லை. சூசைமாணிக்கம் அசைந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. எழுந்தது தெரியாது, வட்டத்தின் நடுவே நடந்தது தெரியாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தப் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பின்னாலிருந்து சேர்த்துப் பிடித்து, நாற்காலி முதுகோடு இழுத்து, தன் எடையைப் போட்டு நிறுத்தியிருந்தார், முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேரை நிறுத்தின மாதிரி. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அடங்கு" என்று அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அழுகை நின்றுவிட்டது. அடங்கியதால் அல்ல, பயத்தில். எல்லார் கண்ணும் திறந்திருந்தது. இருபத்து மூன்று ஜோடி. காளியப்பன், "அண்ணே, என்னண்ணே" என்று பாதி எழுந்து நின்றான். விட வேண்டும் என்று தெரிந்தது. கை விடவில்லை. அவள் நாடி அவர் கட்டைவிரலுக்கு அடியில் குருவி மாதிரி அடித்துக்கொண்டது, விரலுக்கும் தோலுக்கும் நடுவில் இடமே இல்லை. கை யாருக்கோ காத்திருந்தது. ஜிப்பா பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கை அவர் தோளில் விழுந்தது. "விடுங்க சூசை," என்றான் அவன், மிக மெதுவாக. கை விட்டது.

சூசை. மாணிக்கம் இல்லை. இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத பேர். அப்படியானால் நேற்றே தெரியும். கையைக் குவித்து வாங்க ஐயா என்றபோதே தெரியும். இன்றைக்குக் காலையில், ஒரு பணியாளர் என்று சொன்னபோது, சுவரோரம் எந்த நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துதான் பார்க்காமல் சொல்லியிருக்கிறான். தாரணி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள், சிவப்பாக வளையல் மாதிரி இரண்டு தடம். "பரவால்லங்க ஐயா," என்றாள், அப்போதும் அவளே மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்து நாற்காலிக்கு வந்தார், வழியில் யாருடைய தண்ணீர் பாட்டிலோ காலில் பட்டு உருண்டது, அது உருண்டு நிற்கிறவரைக்கும் அறையே அதைக் கேட்டது. அவன் நடுவில் நின்று எல்லாருக்குமாகச் சொன்னான்: "ஐயா மேல தப்பில்ல. கை பழகிப்போச்சு. அவ்வளவுதான்." மறுபடியும். ஒரே நாளில் இரண்டாம் தடவை, கேட்காத மன்னிப்பு. எல்லாரும் தலையாட்டினார்கள். காதுமடல் வரைக்கும் சுட்டது.

"ஐயாவுக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுதா?" என்றான். மெத்தையில் உட்காராமல், நேருக்கு நேர், முதல் தடவையாக முகத்தைப் பார்த்து. கண்ணுக்குக் கீழே சதை தொங்கியிருந்தது. மரக்கட்டையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவனும் பயந்துதான் கேட்கிறான் என்று தெரிந்தது. இதோ, இதற்காகத்தான் வந்தார். இருபத்து மூன்று பேரும் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை மட்டும் சொன்னால் போதும், எவருக்கும் எப்போதும் என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவன் முகமே சொல்லிவிடும். வாய் திறந்தது. அவன் அந்த மூன்று வரியையும் சொல்லிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம், எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி, ஐயோ பாவம் என்று பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அப்புறம் யாராவது ஒருத்தர், அந்த வயதான சிஸ்டர், நல்ல மனசோடு, அந்த நாலு மணி நேரமும் நீங்க என்னங்க ஐயா பண்ணினீங்க என்று கேட்டால்? எதிரே தாரணி இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்," என்றார்.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. தலையை அசைத்தான். திரும்பிப் போய் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டினான். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. முடிச்சுடலாம்." எல்லாரும் கண்ணை மூடினார்கள். காளியப்பன்கூட இந்தத் தடவை தூங்காமல், இறுக்கி மூடிக்கொண்டான். சூசைமாணிக்கம் முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி. கண் திறந்தே இருந்தது. அவன் சொல்லவில்லை. பேர் தெரிந்தும் சொல்லவில்லை. இன்றைக்கு மத்தியானம் இருக்கிறது, நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது, சொல்லட்டும். முதலில் தப்புச் செய்தது அவன்தானே. அவன்தான் முதலில் சொல்ல வேண்டும், அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள். கட்டச் சொன்னவர்தான் அவிழ்க்கச் சொல்ல வேண்டும், எனக்கென்ன அதிகாரம். கிண்ணத்தின் சத்தம் மெலிந்து, மெலிந்து, நின்றது. அவர் காத்திருந்தார்.